ஓட்டல் சமையற்கட்டில் கழிவைக் குறைக்கும் முறை

கோவை, ஈரோடு, பொள்ளாச்சிப் பகுதிகளில் ஓட்டல் நடத்துவோர், சுற்றுச்சூழல் காக்கும் வேலையைச் சமையற்கட்டின் பின்புறத்திலிருந்தே தொடங்குவது நல்லது. எச்சில் இலைக்கும் காய்கறிக் கழிவுக்கும் ஒரு தொட்டி, பால் கவர் போன்றவற்றுக்கு வேறொரு தொட்டி என வையுங்கள். இரண்டும் கலந்துவிட்டால், உரமாகியிருக்க வேண்டிய இலையும் குப்பைமேட்டுக்கே போய்ச் சேரும். அரிசி கழுவிய நீரைத் தனியே பிடித்து வைத்தால், மாடு வளர்ப்போர் விரும்பி எடுத்துச் செல்வார்கள்.

பெரிதும் கவனிக்க வேண்டியது வடை, போண்டா சுட்ட எண்ணெய்தான். அதில் மொத்தத் துருவச் சேர்மங்களின் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ந்து சிதைவதால் உருவாகும் பொருள்களின்) அளவு 25 விழுக்காட்டைத் தாண்டினால் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. இந்த அளவை அதற்கான கருவியால் அவ்வப்போது சோதியுங்கள். கறுத்து, நுரைகட்டி, விரைவில் புகையும் எண்ணெயை அப்போதே அடுப்பிலிருந்து இறக்கி, ஆறவைத்து, வடிகட்டிக் கேனில் சேர்த்து, பயோடீசல் தயாரிப்புக்காக வாங்கும் அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுங்கள். சாக்கடையில் ஊற்றினால் அது கொழுப்பாய் உறைந்து குழாயை அடைக்கும். நொய்யல் போன்ற ஆறுகளுக்கு அந்தச் சுமை வேண்டவே வேண்டாம்.

பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை போன்றவை தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. ஆகவே பார்சலை வாழையிலையில் கட்டுங்கள். சாம்பாருக்குத் தூக்குப்போசி கொண்டுவருவோருக்குப் பார்சல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, அதைக் கல்லாவின் அருகே எழுதி வையுங்கள்.