பழைய பிரெஞ்சுக் கதைகளில் கடல் வந்தால் எப்படிப் படிப்பது?

12, 13-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கதைகளைப் படிக்க ஆரம்பிக்கிறவர்கள் பலர் கடல் வரும் பகுதியை அப்படியே தாண்டிப் போய்விடுகிறார்கள். கப்பல் ஏறினார்கள், புயல் அடித்தது, எங்கோ கரை ஒதுங்கினார்கள், சரி அடுத்த சண்டை எங்கே என்று. தாண்டாதீர்கள். கடல் வந்ததும் ஒரு கேள்வி கேட்டால் போதும்: சுக்கான் யார் கையில் இருக்கிறது?

யார் கையிலும் இல்லையென்றால் வழி, தூரம், எத்தனை நாள் என்றெல்லாம் துருவவே வேண்டாம். 12-ஆம் நூற்றாண்டுப் பெண் கவிஞர் மரி த பிரான்ஸ் எழுதிய ‘கிஜமார்’ கதையில், காயம்பட்ட வீரன் ஆளே இல்லாத ஒரு கப்பலில் ஏறுகிறான். பட்டுப் பாய், நடுவில் அலங்காரக் கட்டில். கொஞ்சம் சாய்ந்துவிட்டு எழுந்து பார்த்தால் நடுக்கடலில் இருக்கிறான். அவன் காயத்தை ஆற்றப்போகிற பெண்ணிடம் கப்பல் தானாகவே அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பழி சுமத்தப்பட்ட பெண்களைச் சுக்கான் இல்லாத படகில் ஏற்றித் தள்ளிவிடும் கதைகளும் இதே ரகம்தான், அங்கே கடல்தான் நீதிபதி.

அப்புறம் அதே மரியின் ‘எலிதுக்’ படியுங்கள். மனைவி இருப்பதை மறைத்து, இங்கிலாந்திலிருந்து ஓர் இளவரசியைக் கப்பலில் கூட்டிவருகிறான் எலிதுக். கரை தெரியும் நேரத்தில் புயல். பாய் கிழிகிறது, எல்லோரும் புனித நிக்கோலாஸையும் மாதாவையும் கூப்பிடுகிறார்கள். ஒரு மாலுமி மட்டும், “ஊரில் மனைவி இருக்க இவளைக் கூட்டிவருகிறீர்களே, அதனால்தான் இந்தக் கதி, இவளைக் கடலில் போடுங்கள்” என்று கத்த, அப்போதுதான் உண்மை தெரிந்து அவள் மயங்கி விழுகிறாள். எலிதுக் துடுப்பால் அந்த மாலுமியை அடித்துச் சாய்த்து, கடலில் தள்ளிவிட்டு, தானே போய்ச் சுக்கானைப் பிடித்துக் கப்பலைத் துறைமுகத்தில் சேர்க்கிறான். கடலில் போகவேண்டியது அந்தப் பெண் என்றான் மாலுமி, போனது அவன்தான். மரி இதைக் கண்டிக்கவும் இல்லை, மெச்சவும் இல்லை.

புயல் வருணனை எங்கும் ஒரே அச்சுதான்: வானம் கறுக்கும், காற்று திரும்பும், கயிறு அறும், புனிதர்களைக் கூப்பிடுவார்கள். அதைக் கண்டு சலிக்காமல், அச்சு எங்கே உடைகிறது என்று பாருங்கள். கவிஞர் தோமா எழுதிய ‘த்ரிஸ்தான்’ முடிவில், சாகக் கிடக்கும் த்ரிஸ்தானைக் குணப்படுத்த அவன் காதலி இசோல்த் கப்பலில் வருகிறாள்; அவள் வந்தால் வெள்ளைப் பாய், வராவிட்டால் கறுப்பு என்பது ஏற்பாடு. புயல் ஓய்ந்த பிறகுதான் கொடுமையே ஆரம்பம். காற்று அடியோடு நின்றுவிடுகிறது, கரை கண்ணுக்கெதிரே இருக்கிறது, கப்பல் அசையாது. வெள்ளைப் பாய்க்காகக் காத்திருக்கும் த்ரிஸ்தானிடம் மனைவி கறுப்பு என்று பொய் சொல்கிறாள், அவன் உயிர் போகிறது. புயலைவிட இந்தக் காற்றில்லாத கடல்தான் எனக்குப் பயங்கரம்.

நிஜக் கப்பல் வேலை பார்க்க ஆசையா? பிரிட்டன் மன்னர்களின் கதையைச் செய்யுளில் சொல்லும், வாஸ் 1155-இல் முடித்த ‘புரூட்’டுக்குப் போங்கள். ஆள் ஜெர்சி தீவுக்காரர், கடல் பார்த்து வளர்ந்தவர். ஆர்தர் மன்னரின் படை சவுத்தாம்டனில் கப்பலேறும் இடத்தில் நங்கூரம் தூக்குவது, கயிறு இழுப்பது, குதிரைகளை ஏற்றுவது என்று அடுக்கிக்கொண்டே போகிறார். பாதிச் சொற்கள் புரியாது, பரவாயில்லை, முதல் தடவை அகராதியைத் தொடாமல் சத்தமாகப் படியுங்கள், 8 அசை வரிகளின் வேகத்திலேயே துறைமுகப் பரபரப்பு வந்துவிடும். அகராதி இரண்டாம் தடவைக்கு.

உரைநடையில் ஜ்வான்வில். 1248-இல் மார்செய்யில் சிலுவைப்போருக்குக் கப்பலேறி, அந்த அனுபவத்தைப் பிறகு எழுதியவர். கப்பலின் கதவைத் திறந்து குதிரைகளை உள்ளே விட்டதும், கடலில் அந்தக் கதவு முழுவதும் நீருக்குள் இருக்கும் என்பதால், பீப்பாயை அடைப்பதுபோல் அதை அடைத்தார்கள் என்கிறார். இரவு தூங்கப் போகிறவன் காலையில் கடலடியில் இருப்பானோ என்னவோ தெரியாது என்றும் சொல்கிறார். இங்கே சுக்கான் தொழில் தெரிந்தவர் கையில். பயம் மட்டும் பயணிகளுடையது.

எதில் தொடங்குவது என்றால் ‘எலிதுக்’, சுமார் 1,200 வரிதான். பழைய பிரெஞ்சும் இன்றைய பிரெஞ்சும் எதிரெதிர்ப் பக்கத்தில் உள்ள பதிப்பாக எடுங்கள். சிரிக்கத் தோன்றினால் கவிஞர் பெனெடெய்ட்டின் ‘புனித பிரெண்டன் பயணம்’, கடலில் அலையும் துறவிகளின் கதை: துறவிகள் தீவு என்று நினைத்துத் திமிங்கிலத்தின் முதுகில் சமைக்கப் போய், அது நகர்ந்ததும் அண்டாவை விட்டுவிட்டு ஓடிவருகிறார்கள். மறுவருடம் போனால் அதே அண்டா அதே முதுகில் பத்திரமாக இருக்கிறது.