மழைக்கும் செம்மண்ணுக்கும் ஏற்ற பைக்பேக்கிங்: கோலாலம்பூர் வட்டாரத்துக்கான வழிகாட்டி

கோலாலம்பூரிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உலு லங்காட், செமினி, உலு யாம், கோல குபு பாரு வட்டாரங்களின் செம்மண் பாதைகளை எட்டிவிடலாம். செம்பனைத் தோட்டச் சாலைகளும் பழைய பால்மரக் (ரப்பர்) காடுகளும் ஆற்றோரத் தடங்களும் அங்கே ஒன்றோடொன்று பிணைந்து கிடப்பதால், படுக்கையையும் உணவையும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு இரண்டு மூன்று நாள் சுற்றிவர விரும்புகிறவர்களுக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் இந்த மண்ணுக்கேற்ற அறிவுரைக்குத்தான். சைக்கிள் சட்டகத்தோடு ஒட்டிக் கட்டும் இவ்வகைப் பைகள் அலாஸ்காவின் பனிக்காலப் பந்தயங்களிலும் வட அமெரிக்காவின் மேற்கு மலைகளை நெடுக்காகக் கடக்கும் மண்பாதைகளிலும் வளர்ந்தவை. அவற்றைப் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பகுதி குளிரை எப்படித் தாங்குவது, கிராம் கணக்கில் எடையை எப்படிக் குறைப்பது என்றே பேசுகிறது. நம் தாழ்நிலப் பகுதிகளில் நள்ளிரவிலும் வெப்பம் 23 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அரிது. நமக்குப் பகை ஈரம்: மேலிருந்து மழை, கீழிருந்து சேறு, உள்ளிருந்து வியர்வை. ஆகவே எந்தப் பொருளை வாங்கினாலும் அது எத்தனை கிராம் என்பதற்கு முன்னால், இரண்டு நாள் நனைந்தே கிடந்தால் அது என்னவாகும் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

முதலில் சைக்கிள். இதற்கென்று புதிதாக ஒன்று வாங்கத் தேவையில்லை. முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சாதாரண மவுண்டன் பைக் போதும். பின்பக்கச் சஸ்பென்ஷன் இல்லாததால் சட்டகத்தின் நடு முக்கோணத்தில் பைக்கு இடம் கிடைக்கும். கவனிக்க வேண்டியது கியர். முன்பல்சக்கரத்தில் 32 பல், பின்பல்சக்கரத்தில் அதிகபட்சம் 51 பல் என்றால், 29 அங்குலச் சக்கரம் மிதிகட்டையின் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 1.4 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலும் மணிக்கு 5 கிலோமீட்டர்தான். சுமையோடு செம்மண் ஏற்றத்தில் ஏறும்போது அந்த நிதானம்தான் கால் முட்டியைக் காக்கிறது. பின்னால் 42 பல்லோடு நிற்கும் பழைய சைக்கிள் என்றால், முன்பல்சக்கரத்தை 28 அல்லது 30 பல்லாக மாற்றிக்கொள்வது குறைந்த செலவில் பெரிய பலன் தரும். உங்கள் சட்டகத்துக்கு அது பொருந்துமா என்பதைக் கடையில் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

டயரில் சிக்கனம் வேண்டாம். செம்பனை மட்டையின் காம்பில் இருபுறமும் தடித்த முட்கள் வரிசையாக நிற்கின்றன. வெட்டிய மட்டைகளை மர வரிசைகளுக்கு இடையே, ஒன்றுவிட்ட ஒரு சந்தில் அடுக்கிப் போடுவது தோட்ட வழக்கம். குலை சுமந்து வரும் பாதை மட்டும் துப்புரவாக இருக்கும். குறுக்கு வழி தேடி மட்டைகள் கிடக்கும் சந்தில் இறங்கினால் டியூப் எதுவும் தப்பாது. எனவே 2.25 முதல் 2.4 அங்குல அகலமும் பக்கச்சுவரில் நல்ல உறுதியும் உள்ள டயரை உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் முறையில் பூட்டி, சிறு ஓட்டைகளைத் தானே அடைக்கும் சீலண்ட் திரவம் தாராளமாக ஊற்றி ஓட்டுவதையே நான் பரிந்துரைக்கிறேன். நம் வெப்பத்தில் சீலண்ட் விரைவில் உலர்ந்துவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வால்வைக் கழற்றி அளவைப் பார்க்க வேண்டும். சுமையில்லாமல் நீங்கள் வைக்கும் காற்றழுத்தத்தைவிட 2 முதல் 4 பி.எஸ்.ஐ. கூட்டினால் போதும். அதற்கு மேல் ஏற்றினால் ஈரச் செம்மண்ணில் பிடிமானம் போய்விடும்.

இனிப் பைகள். பழைய முறையில் பின்சக்கரத்தின் இருபுறமும் ரேக் வைத்துத் தொங்கவிடும் பெரிய பைகள் தார்ச்சாலைக்கு ஏற்றவை. குண்டும் குழியுமான தடத்தில் அவை அடித்துக்கொண்டே வரும், ரேக்கின் திருகாணிகள் ஒவ்வொன்றாகத் தளரும், குறுகிய பாதையில் புதரிலும் மாட்டிக்கொள்ளும். ஆகவே சட்டக முக்கோணத்துக்குள் ஒரு பை, இருக்கைக்குப் பின்னால் ஒரு பை, ஹேண்டில்பாருக்கு முன்னால் ஒரு சுருள் பை என்ற அமைப்பே நமக்குப் பொருந்தும். கனமானவை அனைத்தும் நடு முக்கோணத்தில், அதுவும் அடிப்பக்கத்தில் இருக்க வேண்டும்: கருவிகள், உணவு, பவர் பேங்க், மாற்று உறுப்புகள். ஹேண்டில்பாரில் இடத்தை அடைத்தாலும் எடையில்லாத படுக்கையும் கொசுவலையும் போகட்டும். இருக்கைப் பையில் துணிகளை வைக்கலாம். 8 முதல் 16 லிட்டர் வரை கொள்ளும் இருக்கைப் பைகள் விற்கின்றன. 10 லிட்டர் அளவே நம் பயணங்களுக்குத் தாராளம். பெரிய பை வாங்கினால் நிரப்பத் தோன்றும். நிரப்பினால் அது வலமும் இடமும் ஆடிப் பின்சக்கரத்தை இழுக்கும். இருக்கைத் தண்டை ஒட்டிய கூர்முனையில் முதலில் துணியை இறுக்கமாகத் திணித்து, வெற்றிடம் இல்லாமல் அடைத்த பிறகே மற்றதை வைத்து வாரை இழுத்தால் ஆட்டம் பாதி குறைந்துவிடும்.

பையைக் கட்டிய பிறகு சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, முன்சஸ்பென்ஷனை முழு எடையும் போட்டு அழுத்திப் பாருங்கள். அந்த நிலையிலும் சுருள் பைக்கும் முன்டயருக்கும் இடையில் மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, பிரேக் குழாயோ கியர் கம்பியோ பையால் மடிந்து நெரிகிறதா என்று பாருங்கள். சைக்கிளைச் சற்றே தூக்கித் தரையில் போட்டால் என்ன சத்தம் வருகிறது என்பதையும் கேளுங்கள்; வீட்டு வாசலில் கடகடவென்று ஒலிப்பது காட்டுக்குள் போய் அடங்கிவிடாது.

நீர் புகாது என்று பையில் எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். தையல் போட்ட பைகளில் துணி நீரைத் தடுத்தாலும் ஊசித்துளை வழியே ஈரம் கசியும். வாயைச் சுருட்டி மூடும், தையலுக்குப் பதில் வெப்பத்தால் ஒட்டப்பட்ட பைகளே உண்மையில் தாங்குபவை. சட்டகப் பைக்கு ஜிப் தவிர்க்க முடியாதது; செம்மண் குழம்பு அதன் பற்களில் புகுந்து உலர்ந்துவிட்டால் அடுத்த நாள் காலை இழுக்கும்போதே அறுந்துவிடும். மாலையில் முகாமிட்டதும் அரைக் குவளை நீரை ஜிப்பின் மேல் ஊற்றித் தேய்த்துவிடுங்கள். உள்ளே வைப்பவற்றைத் தனித்தனி நீர்காப்பு உறைகளில் போட்டு வைப்பது எளிய காப்பு. இன்னொன்று: வார் சுற்றும் இடமெல்லாம் செம்மண் துகள் உள்ளே புகுந்து, ஒவ்வொரு குலுக்கலிலும் உப்புத்தாள் போலச் சட்டகத்தைத் தேய்க்கும். வண்ணம் போவதோடு நின்றால் பரவாயில்லை; கார்பன் சட்டகமானால் அதன் இழையையே அரித்துவிடும். கிளம்புவதற்கு முன் அந்த இடங்களில் தடித்த, ஒளிபுகும் பாதுகாப்பு ஒட்டுநாடாவை ஒட்டிவிடுங்கள்.

குடிநீர்தான் இங்கே எல்லாவற்றிலும் பெரிய சுமை, இதில் பலர் கவனக்குறைவாக இருப்பது எனக்குக் கவலை தருகிறது. வெயிலில் ஏறும்போது மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை தேவைப்படும். எனவே 3 முதல் 4 லிட்டர் சுமந்து செல்லும் ஏற்பாடு இருக்க வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் கவட்டின் இருபுறமும் பூட்டும் கூண்டுகளில் ஒவ்வொரு லிட்டர் வைக்கலாம், ஆனால் உங்கள் கூண்டின் எடை வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடை நீரைப் பிடித்து வடிகட்டலாமே என்றால், கையடக்க வடிகட்டிகள் பாக்டீரியாவையும் ஒட்டுண்ணிகளையும் நிறுத்தும். தோட்டத்தில் தெளிக்கும் களைக்கொல்லியை நிறுத்தாது. ஆகவே செம்பனைத் தோட்டக் கால்வாய் நீரை எந்த வடிகட்டியை நம்பியும் குடிக்கக் கூடாது. எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமியோ மிக மெல்லியது, 0.2 மைக்ரான் துளையிலும் நுழைந்து போகக்கூடியது. மேட்டுக் காட்டு ஓடை நீரானாலும் வடிகட்டிய பின் ஒரு நிமிடமாவது கொதிக்க வைப்பதே பாதுகாப்பு. அந்தக் கிருமி பெரும்பாலும் தோலில் உள்ள வெட்டுக்காயம் வழியே நுழைகிறது என்பதால், காலில் கீறல் இருந்தால் நீர்புகாப் பட்டி ஒட்டிய பிறகே ஓடையில் இறங்குங்கள். உப்புச் சத்துக் கரைசல் பொட்டலங்கள் நான்கைந்து எப்போதும் பையில் இருக்கட்டும்.

உணவைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஓர் இரவுப் பயணத்துக்குச் சமையல் அவசியமே இல்லை, நீரைக் கொதிக்க வைக்க ஒரு சிறிய கேஸ் அடுப்பும் குவளையும் போதும். வழியில் எந்தச் சிறு பட்டணத்திலும் நாசி லெமாக் பொட்டலமோ ரொட்டி சானாயோ கிடைத்துவிடும். குரங்குகள் உள்ள இடத்தில் உணவுப் பையைத் திறந்து வைத்துவிட்டு நகராதீர்கள்.

படுக்கைக்குக் கூடாரமா, தொங்குபடுக்கையா? ஈரத்தரையும் அட்டையும் எறும்பும் உள்ள நம் காட்டுக்குக் கொசுவலை தைத்த தொங்குபடுக்கையும், மேலே 3 மீட்டர்ச் சதுரத் தார்ப்பாயும்தான் என் தேர்வு. முதுகுப்புறம் காற்றோட்டம் இருப்பதால் உறக்கமும் நன்றாக வரும். மலைமேல் தங்குவதாக இருந்தால் மட்டும் கீழே ஒரு மெல்லிய விரிப்பு வேண்டும். ஆனால் எங்கே கட்டப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். செம்பனையை ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் நடுகிறார்கள். தொங்குபடுக்கைக்கு வேண்டியதோ 4 முதல் 5 மீட்டர். மேலும் எலியைத் தேடி நாகம் வரும் இடம் அது. ஆகவே செம்பனைத் தோட்டத்தில் இரவு தங்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். பால்மரக் காட்டில் இடைவெளி ஒத்துவரலாம். அங்கே அனுமதி பெற்று, பால் வெட்டும் பட்டைப்பகுதியில் கயிறு படாதபடி அகலமான வாரைக் கட்டி, தலைக்கு மேல் காய்ந்த கிளை இல்லை என்று பார்த்துப் படுக்க வேண்டும்.

இடம் தேர்வதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2022 டிசம்பர் 16 அதிகாலையில் சிலாங்கூரின் பத்தாங் காலியில் ஒரு முகாம் தளத்தின் மீது மண்சரிவு இறங்கியதில் 31 பேர் உயிரிழந்தார்கள். சாலைக்காக வெட்டிய மேட்டின் அடியிலோ, சரிவின் மடியிலோ, எவ்வளவு அழகான இடமானாலும் படுக்கையைக் கட்டாதீர்கள். ஆற்றங்கரையிலும் அப்படியே: உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிந்திருந்தாலும் மேலே மலையில் பெய்த மழை திடீர் வெள்ளமாக வந்து சேரும். நீர்மட்டத்திலிருந்து நன்கு உயர்ந்த, தட்டையான நிலமே முகாமுக்கு ஏற்றது. ஏறக்குறைய மார்ச் பிற்பகுதி முதல் மே வரையும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை வலுவாக இருக்கும்; அந்த நாட்களில் விடியலில் புறப்பட்டு மதியம் இரண்டு மணிக்குள் முகாமுக்கு வந்துவிடும்படி தூரத்தைத் திட்டமிடுங்கள்.

கருவிப்பையில் பலர் மறப்பது இரண்டு: கியர் தொங்கி நிற்கும் ஹேங்கர் துண்டும், பிரேக் பேடும். ஹேங்கர் ஒவ்வொரு சட்டகத்துக்கும் தனி வடிவம் கொண்டது. சிறு பட்டணக் கடையில் உங்களுடையது கிடைக்காது, ஒன்று வாங்கிச் சட்டகப் பையின் அடியில் போட்டுவிடுங்கள். ஈரச் செம்மண் இறக்கத்தில் ரெசின் (பிசின் கலந்த) பேட் வெகு விரைவில் தேய்ந்துபோகும். உலோகத் துகள் கலந்த பேட் நீடித்து உழைக்கும். சில பிரேக் டிஸ்குகளில் ரெசின் பேட் மட்டுமே போட வேண்டும் என்று பொறித்திருப்பார்கள் என்பதால் அதைப் பார்த்து வாங்குங்கள். இவற்றோடு செயின் பிரிப்பானும், உங்கள் கியர் எண்ணிக்கைக்குப் பொருந்தும் செயின் இணைப்பும், டியூப்லெஸ் ஓட்டை அடைக்கும் திரிகளும், மாற்று டியூப் ஒன்றும், கைப்பம்பும், ஈரக்காலத்துக்கான செயின் எண்ணெயும் சேர்ந்தால் போதும். பழைய டயரிலிருந்து வெட்டிய ஒரு துண்டை வைத்திருந்தால், முள்ளோ கல்லோ பக்கச்சுவரைக் கிழித்த இடத்தில் உள்ளே வைத்துச் சமாளிக்கலாம்.

உடையில் ஒரே விதி: இரவில் உடுத்தும் ஒரு செட் உலர்ந்த துணி, எந்த நிலையிலும் ஓட்டும்போது உடம்பில் ஏறக் கூடாது. காலையில் நேற்றைய ஈரச் சட்டையை மறுபடி போடுவது கசப்பானதுதான், ஆனால் அப்படிச் செய்தால்தான் அன்றிரவும் உலர்ந்து உறங்கலாம். மெத்தை வைத்த சைக்கிள் கால்சட்டை இரண்டு எடுத்துச் சென்று, ஒன்றை அன்றாடம் அலசிப் பையின் மேல் காயவிடுங்கள். தொடையிடுக்கில் வரும் புண்ணையும் படர்தாமரையையும் தவிர்க்க அது உதவும். அட்டைக்கு முழங்கால் வரை ஏறும் நெருக்கமான நெசவுக் காலுறை உதவும். நீர் வடியும் காலணியும் தட்டையான பெடலும், சைக்கிளைத் தள்ளி ஏற வேண்டிய இடங்களில் உங்களைக் காப்பாற்றும்.

நிரந்தர வனக் காப்பகங்களுக்குள் செல்ல மாநில வன இலாகாவின் அனுமதி தேவை. தோட்டச் சாலைகள் தனியார் நிலம், காவல் சாவடியில் நின்று கேட்டுவிட்டே நுழைய வேண்டும். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவர் எதிர்ப்பட்டால் இறங்கி நின்று, "ஐயா, இந்தப் பாதை ஆத்துப் பக்கம் போகுதுங்களா?" என்று கேளுங்கள். எந்தப் பாலம் இடிந்தது, எந்தச் சாலை மழையில் முழங்கால் சேறாகும் என்பதைக் கைப்பேசி வரைபடத்தைவிட அவர் நன்றாகவே அறிந்திருப்பார். வரைபடத்தை முன்கூட்டியே இணையமில்லாமல் இயங்கும்படி இறக்கி வைத்திருப்பதும் கட்டாயம்.

திரும்பி வந்த அன்றே பைகளைக் கழற்றி, அழுத்தமில்லாத நீரில் கழுவி, நிழலில் வாய் திறந்து தொங்கவிடுங்கள். துணியின் உட்புறத்தில் பூசிய பாலியூரித்தேன் படலம் ஈரக்காற்றில் மெல்லச் சிதைந்து பிசுபிசுத்து உரியும். சுருட்டி ஸ்டோர் அறையில் போட்ட தார்ப்பாயும் பையும் பயணமே போகாமல் கெட்டுப்போவதற்கு அதுவே காரணம். முழுவதும் உலர்ந்த பிறகு காற்றோட்டமுள்ள அலமாரியில் தளர்வாக வையுங்கள். செயினைத் துடைத்து எண்ணெயிட்டு, பேடின் தடிமனைப் பார்த்து, டயரில் தங்கிய முள்முனைகளை இடுக்கியால் பிடுங்கி, சீலண்டை நிரப்பி வைத்துவிட்டால் சைக்கிள் அடுத்த பயணத்துக்குத் தயார்.