அம்மா பெயரைக் கேட்கும் நாடு: பிரேசிலுக்குப் புதிதாக வரும் தமிழர்களுக்கு

வந்த முதல் வாரத்தில் சிபிஎஃப் எனும் வரிப்பதிவு எண் எடுக்கப் போவீர்கள். அங்கே கேட்பார்கள். அப்புறம் ஆஸ்பத்திரியில், தடுப்பூசி போடும் இடத்தில், தொலைபேசியில் யாராவது உங்கள் கணக்கைச் சரிபார்க்கும்போது, எல்லா இடத்திலும் அதே கேள்வி: "நோமி டா மாய்?" அம்மா பெயர் என்ன? நம் ஊரில் இனிஷியலே அப்பாதான். இங்கே ஒரே பெயரில் ஏகப்பட்ட சில்வாக்களும் சாந்தோஸ்களும் இருப்பதால், ஆளைப் பிரித்தறியப் பிறந்த தேதியையும் அம்மா பெயரையும்தான் நம்புகிறார்கள். அப்பா பெயர் இல்லாத அடையாள அட்டையைப் பார்க்கலாம், அம்மா பெயர் இல்லாததைப் பார்ப்பது அரிது. நான் பெலோ ஹொரிசொன்ட்டேக்கு வந்து ஒன்பது வருடம், இந்த ஊர்க்காரரைக் கட்டிக்கொண்டு ஏழு வருடம் ஆகிறது. குடும்ப விஷயத்தில் நான் தடுக்கி விழுந்த இடங்களை மட்டும் சொல்கிறேன், நீங்கள் பார்த்து நடந்துகொள்ளலாம்.

"பிரேசில்காரர்களும் நம்மைப் போலவே குடும்பப் பாசம் உள்ளவர்கள்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பாதிதான் சரி. ஒட்டிக்கொண்டு வாழ்வதில் நம்மைப் போலத்தான், கல்யாணம் ஆகும்வரை பிள்ளைகள் அம்மா வீட்டிலேயே இருப்பார்கள், முப்பது வயதிலும் அப்படி இருப்பவர்களுக்குக் 'கங்காரு தலைமுறை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் யாரைக் காதலிப்பது, யாரைக் கட்டுவது என்பதில் வீட்டில் அனுமதி கேட்கிற வழக்கம் இல்லை. "இவர்தான்" என்று கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துவார்கள், அவ்வளவுதான். அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் அந்த வீட்டு ஆள். அடுத்த ஞாயிறு வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று உங்களுக்கே செய்தி வரும். நம் ஊரில் சம்மதம் வாங்கி வீட்டுக்குள் நுழைவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும், இங்கே ஒரு ஞாயிறு நழுவுவதற்குத்தான் காரணம் தேட வேண்டியிருக்கிறது.

காதலிலும் படிகள் உண்டு, இதைத் தெரிந்துகொள்ளாமல் அடிபட்ட நம்மூர்ப் பையன்கள் நிறைய. 'ஃபிக்கார்' என்றால் ஒருவரோடு சும்மா பழகுவது, முத்தம்வரை போகலாம், அதற்கு மேலும் போகலாம், பொறுப்பு எதுவும் கிடையாது. 'நமோரார்' என்பது வேறு. அதற்கு "என் காதலியாக இருக்கிறாயா?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும், கேட்டபின் ஒருவருக்கு ஒருவர்தான், சட்டென்று வீட்டுக்கும் கூட்டிப்போய்விடுவார்கள். நம் பையன் 'ஃபிக்கார்' கட்டத்திலேயே ஊரில் அம்மாவிடம் சொல்லி அழ வைத்திருப்பான். இல்லையென்றால் ஒரு வருடம் 'நமோரார்' கட்டத்தில் இருந்துவிட்டு "நாங்கள் வெறும் நண்பர்கள்" என்பான். இரண்டும் தப்பு. ஜூன் 12 இங்கே காதலர் தினம், பிப்ரவரி 14-ஐ யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. மறுநாள் 13, கல்யாணம் கூட்டிவைக்கும் புனித அந்தோணியாரின் திருநாள். மாப்பிள்ளை கிடைக்கும்வரை அவர் சிலையைத் தலைகீழாக நிறுத்திவைக்கும் வழக்கத்தைக் கேட்டதும் எனக்கு ஊர் ஞாபகம்தான் வந்தது, நம் வேண்டுதல்களும் கொஞ்சம் மிரட்டல் கலந்தவைதானே.

ஞாயிறு சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு மணி என்றால் ஒன்றரைக்கு இலை விழும். வெறும் கையோடு போகாதீர்கள், குளிர்பானமோ இனிப்போ போதும். உள்ளே போனதும் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கும்பிடுவது போல ஒவ்வொருவருக்கும் கன்னத்தில் முத்தம். சாவ் பாவ்லோவில் ஒன்று, ரியோவில் இரண்டு, எங்கள் மினாஸ் மாநிலத்தில் மூன்று, மூன்றாவது 'கல்யாணம் ஆவதற்கு' என்று கிண்டலாகச் சொல்வார்கள். கிளம்பும்போதும் அதே சுற்று, சொல்லாமல் நழுவினால் கோபம். மாட்டிறைச்சி சாப்பிடமாட்டீர்கள் என்றால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். 'சைவம்' என்று மட்டும் சொன்னால் அன்போடு கோழியை எடுத்துவைப்பார்கள், அவர்கள் கணக்கில் இறைச்சி என்றால் மாடு. மினாஸில் வெண்டைக்காய் போட்ட கோழிக்குழம்பு உண்டு, நம் சௌசௌவை 'ஷுஷு' என்பார்கள், பட்டினி கிடக்க மாட்டீர்கள்.

சரி, மாமியார். போர்த்துகீசில் 'சோக்ரா'. நம் ஊரைப் போலவே இவர்களிடமும் மாமியார் ஜோக்குகள் கொட்டிக் கிடக்கின்றன, 'மாமியார் கண்' என்று ஒரு இனிப்பு, 'மாமியார் நாக்கு' என்று கத்தி போல நீண்ட இலையுள்ள ஒரு செடி, எல்லா வீட்டு வாசலிலும் இருக்கும். பெரியவரை நீ, நீங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான 'வோசே' போட்டு அழைப்பதா, மரியாதையான 'சென்யோரா'வா என்று குழப்பமாக இருந்தால் 'சென்யோரா'வில் தொடங்குங்கள், வேண்டாம் என்றால் அவர்களே சொல்வார்கள். என் மாமியார் வேண்டாம் என்று இன்றுவரை சொல்லவில்லை. உட்பகுதி ஊர்களிலும் வடகிழக்கிலும் பிள்ளைகள் "பென்சா, மாய்" என்று ஆசி கேட்பார்கள், "கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்" என்று பதில் வரும். காலில் விழாத குறைதான். மே மாதம் இரண்டாவது ஞாயிறு அன்னையர் தினம், 1932-இல் அப்போது ஆட்சியிலிருந்த ஜெத்துலியோ வர்காஸ் ஆணை போட்டு அதிகாரபூர்வமாக்கியது. அன்றைக்கு வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள், கிறிஸ்துமஸுக்கு அடுத்தபடி கடைகளில் கூட்டம் அலைமோதுவது இதற்குத்தான்.

வெளிநாட்டவரைக் கட்டுவது பற்றி என்ன நினைப்பார்கள்? வெள்ளையோ கறுப்போ, வெளியூர்க்காரர் எல்லாருமே 'கிரிங்கோ'தான், அது வசவு இல்லை. 'இந்தியானோ' என்றால் இந்தியர், 'இந்தியோ' என்றால் இந்த மண்ணின் பழங்குடி, பலர் இந்தியர் எல்லாரையும் 'ஹிண்டு' என்பார்கள், நீங்கள் கிறிஸ்தவரோ முஸ்லிமோ ஆனாலும் சரி. 2009-இல் குளோபோ தொலைக்காட்சியில் இந்தியாவை வைத்து ஒரு நெடுந்தொடர் ஓடியது, அதைப் பார்த்த தலைமுறை உங்களைப் பார்த்ததும் "அரே பாபா!" என்பார்கள், ஜாதி, வரதட்சணை, பெற்றோர் பார்த்து வைக்கும் கல்யாணம் பற்றிக் கேட்பார்கள். இந்தி தெரியாது என்றால் ஏமாற்றமாகப் பார்ப்பார்கள். பொறுமையாகச் சொல்லுங்கள்.

ஆனால் என் மாமியார் முதல் நாள் இவற்றில் எதையும் கேட்கவில்லை. "உன் அம்மா அங்கே தனியாகவா இருக்கிறாள்? பாவம்!" என்றார். என் சம்பளமோ மதமோ அவருக்கு உறுத்தவில்லை, அம்மாவை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்த பெண் என்பதுதான் உறுத்தியது. அதற்குள்ளேயே இன்னொரு பயமும் இருந்தது, இவள் நாளைக்கு என் பிள்ளையையும் அங்கே கூட்டிக்கொண்டு போய்விடுவாளோ என்று. கிரிங்கோ மருமகன் வரும் வீடுகளில் இந்தப் பயம் இன்னும் அதிகம். கூடவே, வசிப்புரிமைத் தாள்களுக்காகக் கட்டுகிறானோ என்ற சந்தேகமும். ஊரிலிருக்கும் அம்மாவை வீடியோவில் அவர்களுக்கு அறிமுகப்படுத்துங்கள், மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை, அதில் பாதிப் பயம் போய்விடும். இன்னொன்றையும் பையன்களுக்கு நேராகவே சொல்கிறேன்: பிரேசில் பெண்கள் என்றதும் கார்னிவல் படத்தை வைத்து உங்கள் வாட்ஸாப் குழுவில் ஓடும் பேச்சு இருக்கிறதே, அதை விமானத்திலேயே விட்டுவிட்டு இறங்குங்கள். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நான்கில் ஒருவருக்கு மேல் இவாஞ்சலிக்கல் சபையினர். அந்த வீடுகளில் கல்யாணத்துக்கு முன் சேர்ந்து வாழ்வது பற்றி உங்கள் பாட்டியை விடக் கண்டிப்பாக இருப்பார்கள்.

காகித வேலைக்கு வருவோம். கல்யாணம் 'கார்ட்டோரியோ' எனும் பதிவகத்தில். பிறப்புச் சான்றிதழும் மணமாகாதவர் என்ற சான்றும் இந்தியாவிலேயே அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டிலும் செல்லும் என்ற அரசுச் சான்று) வாங்கியிருக்க வேண்டும், இந்த முத்திரையை ஏற்கும் நாடுகளின் ஒப்பந்தத்துக்குள் பிரேசில் வந்தது 2016-இல்தான், அதற்கு முந்தைய அனுபவம் சொல்பவர்களைக் கேட்காதீர்கள். முத்திரைக்குப் பிறகுதான் இங்குள்ள 'ஜுராமென்ட்டாடோ' எனும் அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்க வேண்டும். நான் மொழிபெயர்த்துவிட்டு முத்திரைக்கு அனுப்பினேன், பணமும் இரண்டு மாதமும் போனது. போர்த்துகீசு சரியாக வராவிட்டால் சடங்குக்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் வேண்டும். கல்யாண அறிவிப்பு வெளியிடப்படும், தடை யாரும் சொல்லாவிட்டால், தகுதிச் சான்று கிடைத்த 90 நாளுக்குள் கட்டிக்கொள்ள வேண்டும். கேட்கும் தாள்கள் பதிவகத்துக்குப் பதிவகம் மாறும், போய்க் கேட்டுவிட்டு ஊருக்கு எழுதுங்கள். அதன்பின் குடும்ப அடிப்படையில் வசிப்புரிமைக்கு ஃபெடரல் போலீஸ், பிறகு பிரேசில் துணையோ பிள்ளையோ இருந்தால் நான்கு வருடத்துக்குப் பதில் ஒரே வருட வசிப்பில் குடியுரிமை கேட்கலாம். இந்தியக் கடவுச்சீட்டை இழக்க நேரும் என்பதை யோசித்துக்கொண்டு செய்யுங்கள்.

கட்டாமலே சேர்ந்து வாழ்ந்தாலும் 'உனியாவ் எஸ்தாவெல்' என்று சட்டம் அதைக் குடும்பமாகவே பார்க்கும், இத்தனை வருடம் என்ற கணக்கெல்லாம் கிடையாது. தனி ஒப்பந்தம் எழுதாவிட்டால் சேர்ந்திருந்த காலத்தில் சம்பாதித்ததில் பாதிப் பாதி. அதனால்தான் "நாங்கள் வெறும் காதலர்கள்" என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்ளும் ஜோடிகளும் இங்கே உண்டு. சிரிக்காதீர்கள்.

விவாகரத்து சட்டமானது 1977-இல்தான், ஆனாலும் இன்று அதில் ஒளிவுமறைவு இல்லை. உங்கள் காதலிக்கு முந்தைய உறவில் குழந்தை இருக்கலாம். பிறந்தநாள் விழாவில் அந்தக் குழந்தையின் அப்பா ஓரமாக நின்று கேக் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், அவரிடம் கைகுலுக்கிவிட்டு நகருங்கள். தனியாக வளர்க்கும் பெண்ணை இப்போது 'மாய் சோலோ' என்கிறார்கள், அதில் குசுகுசுக்க ஒன்றுமில்லை. பிள்ளைக்குச் செலவுப்பணம் கட்டாத அப்பாவை ஒன்று முதல் மூன்று மாதம்வரை சிறையில் வைக்கலாம், வேறு எந்தக் கடனுக்கும் இங்கே சிறை கிடையாது.

கர்ப்பம் என்று தெரிந்ததும் நீங்கள் ஊருக்கே பொது. முன்னுரிமை வரிசையில் நிற்கலாம், அது உங்கள் உரிமை, கூச்சப்பட வேண்டாம். வளைகாப்புக்குப் பதில் 'ஷா டி பெபே', வருகிறவர்கள் டயப்பர் கட்டுகளோடு வருவார்கள், நான் வளையலும் அடுக்கினேன், மாமியாருக்கு ஏகக் குஷி. ஒன்று மட்டும் கவனம்: இந்த நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பிரசவங்கள் சிசேரியன், தனியார் மருத்துவமனையில் இன்னும் மிக அதிகம். சுகப்பிரசவம் வேண்டுமென்றால் மருத்துவரிடம் ஆரம்பத்திலேயே பேசுங்கள். எனக்குப் பார்த்த மருத்துவர் எட்டாம் மாதத்தில் தேதி குறித்துக் கொடுத்தார், நான் வேறு ஆளைத் தேடிக்கொண்டேன். பிரசவ அறையில் உங்களுக்குப் பிடித்த ஒருவரை உடன் வைத்துக்கொள்ளச் சட்டம் 2005 முதல் உரிமை தருகிறது. முறையான வேலையில் இருந்தால் 120 நாள் சம்பளத்தோடு விடுப்பு, சில நிறுவனங்களில் 180.

பிரசவம் முடிந்தால் நாற்பது நாள் ஓய்வு, தலைக்குக் குளிக்காதே, காற்றில் நிற்காதே, என்ன சொல்கிறேன் புரிகிறதா, கடல் தாண்டி வந்தும் அதே பல்லவி. மாமியார் கொண்டுவந்த கிண்ணத்தில் கோழியும் அரிசியும் குழைய வெந்த சூப். பெயர் 'கான்ஜா'. போர்த்துகீசியர் மலையாளக் கரையிலிருந்து எடுத்துப்போன நம் கஞ்சியேதான் அது. அம்மாவிடம் போனில் சொன்னேன், "உப்பு போட்டாளா?" என்று கேட்டார். பெண் குழந்தை என்றால் இவர்களும் சீக்கிரமே காது குத்திவிடுவார்கள், மருந்துக்கடையிலேயே.

கடைசியாகப் பெயர். இங்கே குழந்தைக்கு அம்மாவின் குடும்பப்பெயர் முதலில், அப்பாவினது கடைசியில் வரும். நமக்கு ஏது குடும்பப்பெயர்? என் கடவுச்சீட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர், எனவே என் மகளின் பெயரில் நடுவே திருநெல்வேலி முருகேசன் நிற்கிறார், தாத்தாவுக்கு இதில் சொல்லமுடியாத பெருமை. உங்கள் கடவுச்சீட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் வருவதற்கு முன்பே சரிசெய்துகொள்ளுங்கள், எல்லாப் படிவமும் அதைக் கேட்கும். அப்புறம் உங்கள் பெயரைப் போர்த்துகீசு எழுத்துகளில் சொல்லப் பழகுங்கள். போன மாதம் தடுப்பூசிக்குப் போனபோது நர்ஸ் மகளின் அட்டையைப் பார்த்தபடியே "நோமி டா மாய்?" என்றாள். "பே, ஓ, ஓ, எனி..." என்று பூங்குழலியைத் தொடங்கி 'ழ'வுக்கான "சே, அகா"வுக்கு வருவதற்குள் மகள் ஊசி போட்டு முடித்து அழத் தொடங்கியிருந்தாள்.