புது டோக்கன் வாங்குமுன், விற்கும் வழியைப் பார்த்தீர்களா?

போன மாதம் ஒரு மத்தியானம், வருமான வரி பாரம் நிரப்ப வழக்கமாக வரும் ஓர் அக்கா என் அலுவலகத்துக்கு வந்தார். மலேசியாவின் பினாங்கில், பட்டர்வொர்த்தில் சிறு கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதித் தருவது என் தொழில். அக்கா பிறையில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நீண்ட காலம் வேலை செய்தவர். 55 வயதானதும் சேமநிதியில் ஒரு பகுதியை எடுத்திருந்தார். வந்ததும் கைப்பேசியைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"தம்பி, பதினஞ்சாயிரம் வெள்ளி போட்டேன். இப்ப அறுபத்தோராயிரம் காட்டுது. எடுக்கப் போனா, முதல்ல ஒன்பதாயிரம் வரி கட்டணுமாம். கட்டிடலாமா?"

கட்ட வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று சில நிமிடம் தடுமாறினேன். அந்த 61,000 எங்கேயும் இல்லை. திரையில் யாரோ எழுதி வைத்த எண் அது. அக்கா போட்ட 15,000தான் நிஜப் பணம், அது கை மாறி மூன்று மாதமாகிவிட்டது.

அக்கா பணம் போட்டது ஒரு புது டோக்கனில், அதாவது இணையத்தில் விற்கும் ஒரு கிரிப்டோ நாணயத்தில். அதைப் பற்றி அவருக்கு நிறையவே தெரிந்திருந்தது. முதல் கட்ட விற்பனையில் என்ன விலை, இரண்டாம் கட்டத்தில் என்ன விலை, எந்தத் தேதியில் பெரிய சந்தையில் பட்டியலிடப்படும் என்றெல்லாம் ஒப்பித்தார். விற்க வேண்டுமென்றால் எங்கே, யாரிடம் விற்பது என்பதை மட்டும் அவர் கேட்டிருக்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. இப்படிப் பணம் தொலைத்து என்னிடம் வந்தவர்கள் எல்லோரிடமும் இதைத்தான் பார்க்கிறேன். உள்ளே போகும் வழியை நன்றாக விசாரித்திருப்பார்கள். வெளியே வரும் வழியைப் பற்றி விசாரித்திருக்க மாட்டார்கள்.

கொஞ்சம் பணம் எடுத்துப் பார்த்ததை நம்புவது

"ஸ்கேம்னா பணம் எடுக்க முடியாது தம்பி. நான் முதல்ல முந்நூறு வெள்ளி எடுத்துப் பார்த்தேனே" என்றார் அக்கா. பலரும் விழுவது இங்கேதான். மோசடிக்காரர்கள் முதல் சிறு தொகையைத் தாராளமாகத் தருவார்கள். அந்த முந்நூறு அவர்களுக்கு விளம்பரச் செலவு. அதை வாங்கியவர் அடுத்த வாரம் பத்தாயிரம் போடுவார், கூடவே நாலு பேருக்குச் சொல்வார்.

பினாங்குக்காரர்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. ஜேஜேபிடிஆர் நம் ஊரிலிருந்து நடந்த முதலீட்டுத் திட்டம். மாதம் 20 சதவீதம் லாபம் என்றார்கள், சில காலம் கொடுக்கவும் செய்தார்கள். 2017 ஏப்ரலில் கணக்குகளை யாரோ ஹேக் செய்துவிட்டதாகச் சொல்லி நிறுத்தினார்கள். அன்று அந்நியச் செலாவணி என்ற பெயரில் வந்தது. இன்று டோக்கன் என்ற பெயரில் வருகிறது. முதலில் கொடுத்த லாபத்தைக் காட்டி மேலும் ஆள் சேர்ப்பது அன்றும் இன்றும் ஒன்றுதான்.

பணம் எடுக்க வரி, கட்டணம், 'கணக்குத் திறப்புத் தொகை' என்று எந்தப் பெயரில் கேட்டாலும் ஒரே ஒரு பதில் போதும். "என் கணக்கில் இருக்கும் 61,000-லிருந்தே கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்." அவர்களால் கழிக்க முடியாது, கழிக்க அங்கே ஒன்றும் இல்லை. வரி பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நம் வருமான வரி, சம்பளத்தில் பிடித்தாலும் நாமே கட்டினாலும், வரித்துறையான எல்எச்டிஎன்-க்குத்தான் போகிறது. பணத்தை விடுவிக்க முன்கூட்டியே வரி வசூலிக்கும் அதிகாரம் எந்தக் கிரிப்டோ தளத்துக்கும் இல்லை.

சொன்ன ஆளைப் பார்த்து முடிவெடுப்பது

அக்காவை இதில் சேர்த்தது அவருடைய அண்ணன் மகன். நல்ல பையன், பாயான் லெப்பாஸில் வேலை, அவனும் சொந்தப் பணம் போட்டிருக்கிறான். அவனுக்குச் சொன்னது அவனுடைய பழைய மேலாளர். இந்தச் சங்கிலியில் எனக்குத் தெரிந்த யாருமே ஏமாற்றுக்காரர் இல்லை, எல்லோரும் நம்பியவர்கள். கோயில் நண்பர்கள், பள்ளித் தோழர்கள், சொந்தபந்தம் என்று நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இது வேகமாகப் பரவுவதற்குக் காரணமும் அதுதான். நாம் ஆளை எடைபோடுகிறோம். அவர் நேர்மையானவர் என்பதால் அவர் சொல்லும் பொருளும் நேர்மையாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம்.

ஆகவே அந்த ஆளைப் பற்றி யோசிப்பதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவரிடம் கேளுங்கள்: "நீங்க போட்ட முதல் முழுசா உங்க பேங்குக்குத் திரும்பி வந்திருக்கா? ஆள் சேர்த்தா உங்களுக்கு ஏதாவது வருதா?" சொந்தக்காரரிடம் இப்படிக் கேட்பது சங்கடம்தான். இருந்தாலும் கேட்டுவிடுங்கள். நம் மாமாவோ மச்சானோ பதில் தெரியாமல் விழித்தால், நாம் கேட்ட கேள்வி அவரையும் காப்பாற்றலாம்.

பிரபலங்களின் முகமும் அப்படித்தான். 2017-ல் அமெரிக்காவில் செண்ட்ரா டெக் என்ற நிறுவனம் டோக்கன் விற்றபோது குத்துச்சண்டை வீரர் ஃபிளாய்ட் மேவெதர் அதை விளம்பரப்படுத்தினார். விசா, மாஸ்டர்கார்டு இரண்டோடும் ஒப்பந்தம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டது பொய். தலைமை நிர்வாகி என்று இணையதளத்தில் ஒருவர் படம் போட்டிருந்தார்கள், அப்படி ஒரு ஆளே கிடையாது. இரண்டரைக் கோடி டாலருக்கு மேல் திரட்டிய பிறகுதான் இதெல்லாம் வெளியே வந்தது. இப்போது பிரபலத்துக்குக் காசு கொடுக்க வேண்டிய தேவைகூட இல்லை. நம் பிரதமரே முதலீட்டைப் பரிந்துரைப்பது போன்ற போலி காணொளிகளை ஏஐ-யில் செய்து ஃபேஸ்புக்கில் விடுகிறார்கள்.

எஸ்எஸ்எம் பதிவை அனுமதி என்று நினைப்பது

ஹோட்டல் மண்டபத்தில் விளக்கக் கூட்டம் நடத்துகிறவர்கள் கடைசியில் ஒரு சான்றிதழைத் திரையில் காட்டுவார்கள். "நாங்கள் எஸ்எஸ்எம்-இல் பதிவு செய்த சென்டிரியான் பெர்ஹாட்" என்பார்கள். எஸ்எஸ்எம் என்பது நிறுவனங்களைப் பதியும் அரசு ஆணையம், சென்டிரியான் பெர்ஹாட் என்றால் தனியார் நிறுவனம். கணக்கு எழுதுகிறவன் என்பதால் அடித்துச் சொல்கிறேன், அந்தப் பதிவுக்கும் பொதுமக்களிடம் முதலீடு வாங்கும் உரிமைக்கும் சம்பந்தமே இல்லை. சாப்பாட்டுக் கடைக்கும் அதே பதிவுதான்.

மலேசியாவில் டோக்கன் விற்பனை, முதலீட்டுச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டீஸ் கமிஷனின் கட்டுப்பாட்டில் வருகிறது. 2019 ஜனவரி 15 முதல் முதலீட்டுத் தன்மை கொண்ட டிஜிட்டல் நாணயங்களும் டோக்கன்களும் சட்டப்படி பங்குப் பத்திரங்கள் போலக் கருதப்படுகின்றன. பொதுமக்களுக்குப் புது டோக்கன் விற்க வேண்டுமென்றால் கமிஷனிடம் பதிவு பெற்ற ஐஇஓ தளம் (புது டோக்கன்களைப் பொதுமக்களுக்கு விற்கும் இணையதளம்) வழியாகத்தான் விற்க வேண்டும். அந்தத் தளம் விற்பவரின் பின்னணியையும் திட்டத்தையும் சரிபார்த்த பிறகே விற்பனைக்கு விட முடியும்.

இதில் சாதாரண ஆட்களுக்கு மிகவும் பயன்படும் விதி ஒன்று உண்டு. நம்மைப் போன்ற சில்லறை முதலீட்டாளர் ஒரு நிறுவனத்தின் டோக்கன் விற்பனையில் போடக்கூடிய உச்சத் தொகை 2,000 ரிங்கிட், அதாவது 2,000 வெள்ளி. எல்லா நிறுவனங்களையும் சேர்த்தால் 12 மாதத்தில் 20,000 ரிங்கிட். அப்படியென்றால், "கோல்டு பேக்கேஜ் பத்தாயிரம், டைமண்ட் பேக்கேஜ் ஐம்பதாயிரம்" என்று சாதாரண ஆளிடம் டோக்கன் விற்பவர், அந்தத் தொகையைச் சொல்லும்போதே விதிக்கு வெளியே நிற்கிறார். வேறு எதையும் ஆராயாமல் எழுந்து வந்துவிடலாம்.

கமிஷனின் இணையதளத்தில் இரண்டு பட்டியல் இருக்கிறது. ஒன்று பதிவு பெற்ற தளங்கள், மற்றது முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியல். மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்கும் தனி எச்சரிக்கைப் பட்டியல் உண்டு. நிறைய பேர் எச்சரிக்கைப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு, பெயர் இல்லை, அதனால் பாதுகாப்பு என்று முடிவு செய்கிறார்கள். நேற்று தொடங்கிய மோசடியின் பெயர் அதில் எப்படி இருக்கும்? பதிவு பெற்றவர்கள் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லையென்றால் வேண்டாம். பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள், தெரிந்த நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி டெலிகிராமில் குழு தொடங்குவது நடக்கிறது. அப்புறம், பதிவு பெற்ற தளத்தில் வந்தது என்பதற்காக டோக்கன் விலை ஏறும் என்று அர்த்தமில்லை. நஷ்டம் அங்கேயும் வரலாம்.

வெளிநாட்டு டோக்கன், பூட்டிய கதவு

சரி, சிலர் கமிஷனின் வளையத்துக்கு வெளியே, வாலட் (கிரிப்டோ வைக்கும் டிஜிட்டல் பணப்பை) வைத்து நேராக இணையத்தில் புது டோக்கன் வாங்கத்தான் செய்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டாம்.

2021 அக்டோபர் கடைசியில் ஸ்குவிட் என்ற டோக்கன் வந்தது, ஒரு பிரபலமான கொரியத் தொடரின் பெயரை ஒட்டி. விலை சில நாட்களில் 2,800 டாலரைத் தாண்டியது. வாங்கியவர்கள் விற்கப் போனால் விற்க முடியவில்லை. நவம்பர் 1 அன்று உருவாக்கியவர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு போனார்கள், விலை சில நிமிடத்தில் சுழியத்துக்கு வந்தது. விலை அப்படி ஏறியதே யாராலும் விற்க முடியாததால்தான்.

டோக்கன் என்பது ஒரு சிறு நிரல். யார் வாங்கலாம், யார் விற்கலாம் என்பதை எழுதுகிறவர் தன் இஷ்டத்துக்கு எழுதலாம். உருவாக்கியவரைத் தவிர வேறு யாரும் விற்க முடியாதபடி எழுதினால் அதை ஹனிபாட் என்பார்கள். தேன் வைத்த பானை, ஈ உள்ளே போகலாம், திரும்ப முடியாது. இன்னொரு வழி ரக் புல், காலடியில் இருக்கும் கம்பளத்தை உருவுவது போல. புது டோக்கனை விற்க வேண்டுமென்றால், அதற்கு ஈடாக யுஎஸ்டிடி அல்லது ஈதர் போன்ற மதிப்புள்ள நாணயம் ஒரு பொதுத் தொட்டியில் இருக்க வேண்டும். அந்தத் தொட்டியில் பணம் போட்டவர் அதை எப்போது வேண்டுமானாலும் உருவிக்கொள்ள முடியும் என்றால், உங்கள் கையில் இருக்கும் டோக்கனை வாங்க அங்கே எதுவும் மிஞ்சாது.

இதைப் பார்க்க நிரல் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஈதர்ஸ்கேன், பிஎஸ்சிஸ்கேன் போன்ற தளங்களில் டோக்கனின் ஒப்பந்த முகவரியை (அந்த நிரல் இணையத்தில் இருக்கும் முகவரியை) போட்டால் யார் கையில் எத்தனை சதவீதம் என்று தெரியும். இரண்டு மூன்று வாலட்டுகளில் பாதிக்கு மேல் இருந்தால் விலை அவர்கள் கையில். தொட்டிப் பணம் பூட்டப்பட்டிருக்கிறதா, எத்தனை நாளுக்கு என்று பாருங்கள். ஒரு மாதப் பூட்டு என்றால் ஒரு மாதம்தான் உத்தரவாதம். வேறு சாதாரண ஆட்கள் விற்றிருக்கிறார்களா என்று பரிவர்த்தனைப் பட்டியலில் தேடுங்கள். வாங்குவது மட்டும் வரிசையாக இருந்து விற்பது ஒன்றுகூட இல்லையென்றால் விலகிவிடுங்கள். இதையெல்லாம் பார்த்து எதுவும் தப்பாகத் தெரியாவிட்டாலும் மோசடியாக இருக்க வாய்ப்பு உண்டு.

அக்காவுடைய டோக்கனுக்கு ஒப்பந்த முகவரியே இல்லை. கேட்டதற்கு, "பட்டியலிட்ட பிறகு தருவோம்" என்று குழுவில் பதில் வந்தது. 2014-ல் ரூஜா இக்னடோவா தொடங்கிய ஒன்காயினும் இப்படித்தான், நாணயம் என்று உலகம் முழுக்க விற்றார்கள், பின்னால் பிளாக்செயினே (கிரிப்டோ பரிவர்த்தனைகளைப் பதியும் பொதுப் பேரேடு) கிடையாது. அவர் 2017 அக்டோபரில் காணாமல் போனவர்.

வாலட்டைத் திறக்கும் 12 அல்லது 24 மீட்புச் சொற்களை யாருக்கும் கொடுக்காதீர்கள். உதவி மையம் என்று சொல்லிக் கேட்பவருக்கும் கூடாது. நீங்கள் வாங்காமலே வாலட்டில் வந்து விழும் இலவச டோக்கனை விற்க முயலவும் வேண்டாம். அது கூட்டிப்போகும் தளத்தில் ஒரு முறை 'அனுமதி' அழுத்தினால் மற்ற நாணயங்களும் போய்விடலாம்.

தனிநபர் வங்கிக் கணக்கில் பணம் போடுவது

அக்கா 15,000-ஐ மூன்று தவணையாக, மூன்று வெவ்வேறு ஆட்களின் பெயரில் இருந்த வங்கிக் கணக்குகளுக்கு அனுப்பியிருந்தார். டோக்கன் நிறுவனம் துபாயில் என்றார்கள், பணம் வாங்கியதோ இங்குள்ள தனி ஆட்களின் கணக்கு. வாடகைக்கு விடப்பட்ட இப்படிப்பட்ட கணக்குகளைத்தான் போலீஸ் கழுதைக் கணக்கு என்கிறது. அனுப்புவதற்கு முன் அந்தக் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் போட்டுப் பார்க்கலாம், புகார் இருந்தால் காட்டும். ஒரு நிமிட வேலை.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால், தாமதிக்காமல் 997-ஐ அழையுங்கள், அது தேசிய மோசடி உதவி மையத்தின் எண். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க வாய்ப்பிருக்கிறது. கிரிப்டோவாக மாறி வெளியே போய்விட்டால் திருப்பி அழைக்க யாராலும் முடியாது. வெட்கப்பட்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருப்பதால் போகும் பணம்தான் அதிகம். புகார் கொடுத்த பிறகு, "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று வழக்கறிஞர் பெயரிலோ ஹேக்கர் பெயரிலோ யாராவது வந்தால் அதுவும் அதே ஆட்களின் வேலையாக இருக்கலாம்.

அக்காவின் பணம் போய் மூன்று மாதமாகிவிட்டதால் நான் பெரிய நம்பிக்கை கொடுக்கவில்லை. மூன்று கணக்கு எண்களையும், அனுப்பிய ரசீதுகளையும், குழுவில் வந்த செய்திகளின் படங்களையும் அச்செடுத்துக் கொடுத்தேன். அண்ணன் மகனைக் கூப்பிட வேண்டாம், பாவம், மனசு உடைஞ்சிடுவான் என்றார். அவன்தான் இன்னும் குழுவில் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறான் என்று சொன்னதும் அவரே போன் போட்டார். வேலை முடிந்து, பாலம் தாண்டி அவன் வந்து சேர ஏழு மணி ஆனது. இரண்டு பேரும் சேர்ந்துதான் போலீஸ் நிலையத்துக்குப் போனார்கள். அவனிடமும் எட்டு ரசீது இருந்தது.