பல்கலைக்கழகக் காட்டில் கைகாட்டிகளைச் சீரமைக்கும் முறை

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கோர்வாலிஸ் நகரை ஒட்டி, மெக்டொனால்டு-டன் என்னும் பெயரில் சுமார் 11,000 ஏக்கர் காடு உண்டு. வனவியல் கல்லூரியின் பொறுப்பிலுள்ள அந்தக் காட்டில் ஆய்வும் பாடமும் மரவெட்டும் நடக்கின்றன. நடப்பவர்கள், சைக்கிளில் வருபவர்கள், குதிரையில் வருபவர்கள் எனப் பலரும் அதன் தடங்களைப் பயன்படுத்துகிறார்கள். இத்தகைய காட்டில் கைகாட்டிகளைச் சீரமைக்க முன்வரும் மாணவர்கள் முதலில் காட்டு நிர்வாகத்திடம் அனுமதி பெற வேண்டும். எந்தத் தடம் மரவெட்டுக்காக மூடப்படவிருக்கிறது, ஆய்வுக்கு ஒதுக்கிய இடங்கள் எவை என்பதெல்லாம் நிர்வாகத்துக்கே தெரியும்.

அடுத்தது கணக்கெடுப்பு. இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு தடத்தையும் இரு திசைகளிலும் நடந்து பாருங்கள். ஏறும்போது பளிச்சென்று தெரியும் தடப் பிரிவு, இறங்கும்போது புதருக்குப் பின்னால் மறைந்துவிடக்கூடும். காட்டுக்குப் புதியவர் ஒருவரை முன்னே நடக்கவிட்டு, அவர் எங்கே நின்று தயங்குகிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வழி பழகியவர்களின் கண்ணுக்கு அந்தக் குழப்பம் படுவதேயில்லை. ஒவ்வொரு பிரிவின் ஒளிப்படத்தையும் ஜிபிஎஸ் புள்ளியையும் பதிவு செய்யுங்கள்.

பல இடங்களில் புதிய பலகையே தேவைப்படாது. மழைக்காலம் நீண்ட அந்தப் பகுதியில் பாசி விரைவில் படர்கிறது. மென்மையான தூரிகையும் தண்ணீரும் கொண்டு அதைத் துடைத்து, மறைக்கும் கிளைகளை நிர்வாகம் அனுமதிக்கும் அளவுக்கு வெட்டினாலே எழுத்துகள் தெரியத் தொடங்கும். புதரில் கைவைக்குமுன் நச்சு ஓக் செடியை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளுங்கள். அதன் எண்ணெய் தோலில் கடும் அரிப்பை உண்டாக்குவதோடு கருவிகளிலும் உடைகளிலும் தங்கிவிடும் என்பதால், முழுக்கைச் சட்டையும் கையுறையும் அணிவதும், வேலை முடிந்ததும் உடம்பையும் கருவிகளையும் சோப்பால் கழுவுவதும் கட்டாயம்.

புதிய பலகையில் தடத்தின் பெயர், அம்புக்குறி, மைல் கணக்கில் தொலைவு, யாருக்கு அனுமதி உண்டு என்பவை போதும். பெயர் நிர்வாகத்தின் வரைபடத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். அவசர உதவிக்கான 911 எண்ணை அழைப்பவர் சொல்லும் பெயரை வைத்துத்தான் மீட்புக் குழு இடத்தைத் தேடும். நிர்வாகம் இசைந்தால், ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் எண் கொடுப்பது இன்னும் நல்லது.

பலகையை ஒருபோதும் மரத்தில் ஆணியடித்து மாட்டாதீர்கள். மரம் பருக்கும்போது ஆணி உள்ளே புதைந்துவிடும். பின்னாளில் அந்த டக்ளஸ் ஃபர் என்னும் ஊசியிலை மரத்தை வெட்டுபவரின் சங்கிலி வாளையோ ஆலையின் அறுவை வாளையோ அது உடைத்து ஆளைக் காயப்படுத்தக்கூடும். தனிக் கம்பமே சரி. சுமார் 60 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டி, கம்பத்தின் அடியில் குறுக்காக ஒரு இரும்புக் கம்பியைச் செருகி நட்டால் எவரும் எளிதில் பிடுங்க முடியாது. மண்ணை ஒரேயடியாகக் கொட்டாமல் சிறிது சிறிதாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் திமிசுக் கட்டையால் இறுக்க வேண்டும்.

மாணவர்கள் படிப்பை முடித்துப் போய்விடுவார்கள். ஆகவே நட்ட இடம், நாள், பலகையின் வாசகம் ஆகியவற்றை ஒரே பதிவேட்டில் எழுதி நிர்வாகத்திடம் ஒப்படையுங்கள். குளிர்காலப் புயல்கள் ஓய்ந்ததும் அடுத்த அணி அந்தப் பதிவேட்டோடு ஒவ்வொரு கம்பத்தையும் அசைத்துப் பார்க்கட்டும்.