விண்டோஸ் 10 லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் போடும் முன்: லினக்ஸ் மின்ட் நிறுவும் முறை

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச அப்டேட்கள் நின்றுவிட்டன. அதிலிருந்து எங்கள் தெருவில் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "தம்பி, இந்த லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் போட்டுடலாமா?"

போடாதீர்கள். நான் பிளஸ் டூ படிக்கிறேன். எங்கள் வயதில் பலருக்கு முதல் கணினி என்பது அண்ணனோ அக்காவோ பயன்படுத்திவிட்டு வைத்த பழைய லேப்டாப்தான். திரை எரிகிறது, கீபோர்டு வேலை செய்கிறது, பிராசஸருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு நிறுவனம் குறித்த தேதி வந்துவிட்டது என்பதற்காக அது குப்பையாகிவிடுமா? எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். 2017இல் நம் ஊர்க் கடைகளில் எங்கும் விற்ற ஐ3-6006யு லேப்டாப் அந்தப் பட்டியலில் இல்லை. (10ஆம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸர்களில் கோட்டுக்குப் பின் வரும் முதல் எண்தான் தலைமுறை. 6006 என்றால் 6ஆம் தலைமுறை, 8250 என்றால் 8ஆம் தலைமுறை.)

அப்டேட் இல்லாமலே விண்டோஸ் 10ஐ ஓட்டலாமே என்று கேட்பவர்களுக்கு 2017ஐ நினைவுபடுத்துகிறேன். அந்த ஆண்டு மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஒரு ஓட்டையை அடைத்து அப்டேட் கொடுத்தது. மே 12 அன்று வான்னாக்ரை பரவியபோது, அந்த அப்டேட்டைப் போடாத கணினிகளில் இருந்த கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே திணறின. அப்டேட் இருந்தும் போடாததற்கே அந்தக் கதி.

ரூஃபஸ் என்ற மென்பொருளால் டிபிஎம் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11ஐ நிறுவ முடியும். யூடியூபில் நிறைய வீடியோக்கள் இருக்கின்றன. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. தகுதியில்லாத கணினிகளுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. அதோடு 4 ஜிபி ரேமில் விண்டோஸ் 11 மூச்சு வாங்கும்.

அதனால் லினக்ஸ். விண்டோஸ் போலவே கணினியை இயக்கும், ஆனால் இலவசமான மென்பொருள். இது தமிழ்நாட்டு மாணவர்களுக்குப் புதிதும் இல்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கொடுத்த பல லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய இந்திய லினக்ஸ் அது. சொல்லித்தர ஆள் இல்லாததால் பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. இங்கே நான் எடுத்துக்கொள்வது லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22, அதிலும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. ஸ்டார்ட் மெனு, கீழே டாஸ்க்பார் என்று விண்டோஸ் பழகியவர்களுக்கு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். சும்மா இருக்கும்போது சுமார் 1 ஜிபி ரேம்தான் பிடிக்கும். 2029 வரை அப்டேட் உண்டு.

1. இது உங்களுக்கு ஒத்துவருமா?

முதலில் இதைப் பாருங்கள். டேலி, ஃபோட்டோஷாப், மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் டெஸ்க்டாப் பதிப்பு ஆகியவை லினக்ஸில் நேரடியாக ஓடாது. வாலரன்ட் கேம் ஓடவே ஓடாது. டேலி கோர்ஸ் படிப்பவர், டிஜிட்டல் கையெழுத்து டாங்கிளை வைத்து ஜிஎஸ்டி வேலை செய்பவர் விண்டோஸை முழுவதுமாக அழித்துவிடக் கூடாது. மற்றபடி பிரவுசர், பிடிஎஃப், வீடியோ, ஆன்லைன் வகுப்பு, பைத்தான், சி நிரல் எழுதிப் பழகுவது என்றால் தாராளமாக மாறலாம்.

2. கணினியின் ஜாதகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் பிராசஸர், ரேம், 64 பிட்டா 32 பிட்டா என்ற மூன்றும் தெரியும். மின்ட் 22க்கு 64 பிட் பிராசஸர் கட்டாயம். ரேம் குறைந்தது 2 ஜிபி. ஆனால் 4 ஜிபி இருந்தால்தான் நிம்மதி.

பிறகு டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்து, டிஸ்க் என்ற இடத்தில் எச்டிடியா எஸ்எஸ்டியா என்று பாருங்கள். எச்டிடி என்றால் உங்கள் லேப்டாப்பின் வேகக் குறைவுக்குப் பெரும்பாலும் காரணம் அதுதான். ஹார்ட் டிஸ்கில் ஒரு தட்டு சுழல்கிறது, பெரும்பாலான லேப்டாப்களில் நிமிடத்துக்கு 5400 சுற்று. எந்தக் கோப்பு வேண்டுமானாலும் அதன் முனை அந்த இடத்துக்கு நகர்ந்து, தட்டு சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 10 மில்லி விநாடிக்கு மேல் போகும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை; அதே வேலை 0.1 மில்லி விநாடி அளவில் முடிந்துவிடும். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் திறக்கிற பூட் நேரத்தில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால், புது லேப்டாப்புக்குச் சேர்ப்பதைவிட 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்குங்கள். 240 அல்லது 256 ஜிபி போதும். சென்னை ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, கீழ் மூடியின் ஸ்க்ரூக்களை எடுத்து, பழைய டிஸ்க் இருந்த பிராக்கெட்டிலேயே புதியதைப் பொருத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. ரேம் சேர்ப்பதாக இருந்தால் மட்டும் கவனம்: டிடிஆர்3, டிடிஆர்3எல், டிடிஆர்4 என்று வகைகள் உண்டு. டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டில் ஓடுவது. அது கேட்கிற லேப்டாப்பில் 1.5 வோல்ட் டிடிஆர்3 போடக் கூடாது. பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுவதே நல்லது.

3. பேக்கப்

விண்டோஸை எடுத்துவிட்டு நிறுவும்போது டிஸ்க் முழுவதும் அழியும். ஃபோட்டோ, சான்றிதழ் ஸ்கேன், புராஜெக்ட் எல்லாவற்றையும் வேறொரு டிரைவில் நகல் எடுத்து, அந்த நகலை வேறொரு கணினியிலோ டிவியிலோ திறந்து பார்த்துவிடுங்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்களை மறக்காதீர்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் பாருங்கள்.

4. ஐஎஸ்ஓ கோப்பை இறக்குதல்

லினக்ஸ்மின்ட் டாட் காம் தளத்துக்குப் போய் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். மின்ட் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ என்ற ஒரே கோப்பாக அது வரும், சுமார் 3 ஜிபி. தினமும் ஒன்றரை ஜிபி டேட்டா பேக்கில் இருப்பவர்களுக்கு ஒரே நாளில் இது இறங்காது. அதற்காகத்தான் அந்தப் பக்கத்தில் டோரன்ட் இணைப்பும் கொடுத்திருக்கிறார்கள். இன்று பாதி, நாளை மீதி என்று விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டோரன்ட் என்றாலே திருட்டு என்று நினைக்க வேண்டியதில்லை; மின்ட் குழுவே தருவது இது, முழுக்கச் சட்டபூர்வமானது.

வேறு எந்தத் தளத்திலிருந்தும் எடுக்காதீர்கள். 2016 பிப்ரவரியில் மின்ட்டின் சொந்தத் தளத்தையே யாரோ உடைத்து, பதிவிறக்க இணைப்பைத் திருப்பி, கணினிக்குள் ரகசியமாக நுழையப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவைக் கொடுத்துவிட்டார்கள். மின்ட்டைத் தொடங்கிய கிளெமென்ட் லெஃபெவ்ர் அதை மறைக்காமல் உடனே பொதுவில் அறிவித்தார். ஒரு திட்டத்தை நான் நம்புவதற்கு இப்படிப்பட்ட வெளிப்படைத்தன்மை முக்கியமான காரணம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு யாரும் தவிர்க்கக் கூடாதது அடுத்த படி.

5. கோப்பைச் சரிபார்த்து, பென் டிரைவில் எழுதுதல்

8 ஜிபி பென் டிரைவ் ஒன்று வேண்டும். அதில் இருப்பதும் அழியும். ரூஃபஸ் டாட் ஐஈ தளத்திலிருந்து ரூஃபஸை எடுங்கள். அதற்கான தனிக்கோப்பு இருக்கிறது, நிறுவத் தேவையில்லை. திறந்ததும் மேலே உங்கள் பென் டிரைவ் பெயர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க் ஏதாவது செருகியிருந்தால் முதலில் பிடுங்கிவிடுங்கள். செலக்ட் பொத்தானில் ஐஎஸ்ஓவைக் காட்டுங்கள்.

அதன் பக்கத்தில் சின்ன டிக் குறி ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் கோப்பின் எஸ்எச்ஏ256 கைரேகையைக் கணக்கிட்டுக் காட்டும். மின்ட் தளத்தில் உள்ள அதே பெயருக்கு நேரான எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்க வேண்டியதுதான். பாதியில் நெட் அறுந்து கெட்டுப்போன கோப்பும் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

பார்ட்டிஷன் ஸ்கீமில் எம்பிஆர் வைத்தால் பழைய பயாஸ், புதிய யுஇஎஃப்ஐ (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் மென்பொருள்கள் இவை) இரண்டிலும் பூட் ஆகும். ஸ்டார்ட் அழுத்தினால் ஒரு கேள்வி வரும். பரிந்துரைத்ததையே விட்டு ஓகே கொடுங்கள்.

6. நிறுவாமல் ஓட்டிப் பார்த்தல்

எனக்கு லினக்ஸில் ரொம்பப் பிடித்தது இதுதான். டிஸ்கைத் தொடாமல், பென் டிரைவிலிருந்தே முழு கணினியும் ஓடும். லேப்டாப்பை அணைத்து, பென் டிரைவைச் செருகி, ஆன் செய்தவுடன் பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். லெனோவோ, டெல் என்றால் எஃப்12. எச்பியில் எஃப்9. ஏசரில் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் முதலில் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் அந்த மெனுவை எனேபிள் செய்ய வேண்டும்.

டெஸ்க்டாப் வந்ததும் அவசரப்படாமல் சோதியுங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா, டச்பேட், திரை வெளிச்சத்தைக் கூட்டும் விசை எல்லாம் வேலை செய்கிறதா? பென் டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வைஃபை வரவில்லை என்றால் ஃபோனை கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள், நெட் வந்துவிடும்.

மெனுவில் டிஸ்க்ஸ் என்ற செயலியைத் திறந்து, ஸ்மார்ட் டேட்டா என்ற பகுதியையும் பாருங்கள். டிஸ்க் சாகும் நிலையில் இருந்தால் இங்கே எச்சரிக்கை தெரியும். அப்படிப்பட்ட டிஸ்கில் எதை நிறுவினாலும் வீண்.

7. நிறுவுதல்

டெஸ்க்டாப்பில் இருக்கும் இன்ஸ்டால் ஐகானை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். சார்ஜர் செருகியே இருக்கட்டும். கீபோர்டு இங்கிலீஷ் யுஎஸ். மல்டிமீடியா கோடெக் பெட்டியில் டிக் போடுங்கள், இல்லையென்றால் சில வீடியோக்கள் ஓடாது. அடுத்து முக்கியமான திரை: டிஸ்கை முழுவதும் அழித்து நிறுவு என்ற தேர்வும், விண்டோஸ் இருந்தால் அதன் அருகில் நிறுவு என்ற தேர்வும் வரும். டேலி போன்ற காரணம் இருப்பவர்கள் இரண்டாவதை எடுக்கலாம். அதற்கு முன்பே விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை (முழுதாக அணையாமல் அடுத்த முறை வேகமாகத் தொடங்கும் வசதி) நிறுத்தியிருக்க வேண்டும். காரணம் எதுவும் இல்லாதவர்களுக்கு முழுவதும் அழிப்பதே என் யோசனை. இரண்டும் இருந்தால், முதல் சிக்கல் வந்தவுடன் விண்டோஸுக்கே திரும்பிப் போய்விடுவோம்.

நேர மண்டலம் கொல்கத்தா, பிறகு பெயர், பாஸ்வேர்டு. பாஸ்வேர்டை மறந்துவிடாதீர்கள், எந்த மென்பொருள் நிறுவினாலும் கேட்கும். முடிந்து ரீஸ்டார்ட் ஆகும்போது பென் டிரைவை எடுக்கச் சொல்லும். எடுத்து என்டர் தட்டுங்கள்.

8. முதல் நாள் வேலைகள்

அப்டேட் மேனேஜரைத் திறந்து வந்திருக்கும் எல்லாவற்றையும் போடுங்கள். டைம்ஷிஃப்டில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். பிறகு எதையாவது நோண்டிக் கெடுத்தாலும் சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்பலாம். அது உங்கள் ஃபோட்டோக்களுக்கான பேக்கப் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். வைஃபை தகராறு செய்த லேப்டாப்பில் டிரைவர் மேனேஜரைப் பாருங்கள், பிராட்காம் சிப்புகளுக்குப் பெரும்பாலும் அங்கே தீர்வு இருக்கும். எழுத்து வேலைக்கு லிப்ரே ஆபீஸ் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

பிரவுசராக ஃபயர்ஃபாக்ஸ் வரும். அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் உறுதியான கருத்து. 2025இல் குரோம் பழைய வகை எக்ஸ்டென்ஷன்களை நிறுத்தியதால் விளம்பரங்களைத் தடுக்கும் யுபிளாக் ஆரிஜின் அதில் ஓடுவதில்லை. ஃபயர்ஃபாக்ஸில் இன்னும் ஓடுகிறது. 4 ஜிபி ரேமும் தினசரி டேட்டா வரம்பும் உள்ளவனுக்கு விளம்பரத் தடுப்பு ஆடம்பரம் இல்லை. செய்தித் தளம் ஒன்றைத் திறந்தால் தானாக ஓடும் வீடியோக்கள், பின்தொடரும் நிரல்கள் என்று நாம் கேட்காததெல்லாம் நம் டேட்டாவில்தான் இறங்குகின்றன.

9. தமிழில் தட்டச்சு

சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ் எம்17என் (ibus-m17n) என்ற பேக்கேஜைத் தேடி நிறுவி, லாக் அவுட் செய்து மீண்டும் உள்ளே வாருங்கள். ஐபஸ் அமைப்புகளில் தமிழ் என்பதன் கீழ் தமிழ்99 இருக்கும். அதைச் சேர்த்து, மொழி மாற்ற ஒரு குறுக்கு விசை வையுங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து தரப்படுத்திய விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய் வரிசை வலக்கைப் பக்கமும் இருப்பதால் கை சீக்கிரம் பழகிவிடும். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றியே பழகியவர்களுக்கு அதே பட்டியலில் ஃபொனெட்டிக் முறையும் உண்டு. டிடிபி சென்டரிலிருந்து வந்த பாமினி, வானவில் போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்த கோப்புகளைத் திறக்க வேண்டியிருந்தால், அந்த ஃபான்ட் கோப்பை இரட்டைக் கிளிக் செய்து நிறுவிக்கொண்டால் லிப்ரே ஆபீஸில் படிக்கலாம். திருத்தி எழுத வேண்டும் என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.