பரம்பரையாக வந்த பியானோவின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

பெரியத்தை வீட்டிலிருந்து எங்களுக்கு ஒரு பழைய அப்ரைட் (நிமிர்ந்து நிற்கும் வகை) பியானோ வந்தது. பார்க்க வந்தவர்கள் "வெள்ளைக்காரன் காலத்தது", "நூறு வருஷம் தாண்டியிருக்கும்" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சரியான விடை பியானோவுக்குள்ளேயே இருந்தது.

1. தங்க எழுத்தை நம்பாதீர்கள்

வாசிக்கும் கட்டைகளை மூடும் பலகையில் தங்க எழுத்தில் உள்ள ஆண்டு பெரும்பாலும் கம்பெனி தொடங்கிய ஆண்டாகவோ, கண்காட்சியில் பதக்கம் வாங்கிய ஆண்டாகவோ இருக்கும். லண்டன் பிராட்வுட் கம்பெனி தன் கணக்கை 1728-இலிருந்து தொடங்குகிறது. அதற்காக உங்கள் பியானோவுக்கு முந்நூறு வயதாகிவிடாது! பெயரும் ஏமாற்றும். இறக்குமதி செய்த பியானோவில் தங்கள் பெயரைப் போட்டு விற்ற கடைகள் இங்கே உண்டு. மெட்ராஸில் 1842-இல் தொடங்கிய மிஸ்க்வித் (பின்னாளில் மியூஸி மியூசிகல்) பெயர் இருந்தால், அது விற்ற கடையின் பெயராக இருக்கலாம்.

2. திறப்பது

மேல்மூடியைத் தூக்கி, உள்ளே இருபுறமும் உள்ள மரத்தாழ்களைத் திருப்பினால் முன்பலகை கழன்று வரும். கனம் அதிகம், கூட ஒரு ஆள் இருக்கட்டும்.

3. வரிசை எண்

கம்பெனி ஒவ்வொரு பியானோவுக்கும் தனித்தனியாகக் கொடுக்கும் எண் இது. இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுவது. உள்ளே எண்கள் குவிந்து கிடக்கும். இரும்புச் சட்டத்தில் புடைத்து நிற்பது பெரும்பாலும் வார்ப்பு அச்சின் எண். 'பேட்டன்ட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருப்பதும் வேண்டாம். கட்டைகளில் 1 முதல் 85 அல்லது 88 வரை இருப்பது வெறும் வரிசை. சுத்தியல் பொறியில் (கட்டையை அழுத்தினால் கம்பியைத் தட்டும் அமைப்பு) 'ஷ்வாண்டர், பாரிஸ்' என்று இருந்தால் அது பொறியை மட்டும் செய்தவர் பெயர். அங்குள்ள எண்ணும் அவருடையதே.

நமக்கு வேண்டியது மரத்திலோ சட்டத்திலோ குத்தியோ எழுதியோ தனியாக நிற்கும் எண், பெரும்பாலும் நான்கு முதல் ஆறு இலக்கம். ட்யூனிங் ஆணிகளின் (கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்ப்பவை) அருகிலும் மேல்மூடியின் அடியிலும் தேடுங்கள். அதே எண்ணோ, அதன் கடைசி இலக்கங்களோ முன்பலகையின் பின்புறம் மறுபடி வந்தால் சந்தேகமே வேண்டாம்.

போன் வெளிச்சத்தைவிட சின்ன டார்ச்சே மேல். நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மங்கிய எண்ணும் நிழல் விழுந்து தெரியும். தூசிக்கு பெயின்ட் பிரஷ் போதும். ஈரத்துணி, பித்தளை பாலிஷ் கூடவே கூடாது.

4. எண்ணிலிருந்து ஆண்டு

பெரிய கம்பெனிகளின் எண் பட்டியல் இணையத்தில் கிடைக்கும். மற்றவற்றுக்கு 'பியர்ஸ் பியானோ அட்லஸ்' என்ற தொகுப்பு இருக்கிறது. உதாரணமாக, ஸ்டைன்வே தன் 1,00,000-ஆவது பியானோவை 1903-இலும் 3,00,000-ஆவதை 1938-இலும் வெள்ளை மாளிகைக்கு வழங்கியது. உங்களுடையது 2,00,000 சொச்சம் என்றால் இடைப்பட்ட காலம். ஓரிரு வருடம் முன்பின் இருக்கலாம்.

5. பட்டியலே இல்லையென்றால்

சின்னக் கம்பெனிகளில் இதுதான் நிலைமை. அப்போது இரண்டு எல்லைகளுக்குள் அடக்குங்கள்: இதற்கு முன் செய்திருக்க முடியாது என்பது கீழ் எல்லை, இதற்குப் பின் செய்திருக்க முடியாது என்பது மேல் எல்லை. ஆங்கிலத்தில் 'மேட் இன் ஜெர்மனி' என்றிருந்தால் 1887-க்குப் பிந்தியதாகவே இருக்க வேண்டும். அந்த ஆண்டு பிரிட்டிஷ் சட்டம்தான் அதைப் போட வைத்தது. பதக்க ஆண்டும் கீழ் எல்லைதான். மேல் எல்லைக்கு, முதல் கட்டையின் பக்கவாட்டைப் பாருங்கள். பழைய ட்யூனர்கள் பென்சிலால் தேதி எழுதி வைப்பதுண்டு. எங்களுடையதில் கையெழுத்தும் சேர்ந்தே இருந்தது. கட்டையைக் கழற்ற ட்யூனரையே கூப்பிடுங்கள்.

பின்சேர்க்கை: விற்கலாமா என்று சிலர் கேட்டார்கள். வெள்ளைக் கட்டையின் மேல்தகடு இரண்டு துண்டாக, நடுவே மெல்லிய கோட்டோடு இருந்தால் யானைத் தந்தமாக இருக்கலாம். இந்தியாவில் தந்த வியாபாரத்துக்குத் தடை உண்டு. விலை பேசும் முன் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள்.